ஒரு தாள், ஆறு நாள்

டோம்பிவிலியில் காலை ஏழு மணி வாக்கில் ஃபாஸ்ட் வண்டி ஏறினால் மும்பையின் சிஎஸ்எம்டி ரயில் முனையம் போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம், முன்னே பின்னே ஆகும். சாயங்காலம் திரும்பவும் அதே கணக்கு. வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும், ஸ்டேஷனுக்கும் ஆபீசுக்கும் நடப்பதைச் சேர்த்தால் மூன்று மணி நேரம் பயணத்துக்கே போய்விடுகிறது. மீதியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், டப்பா கட்ட வேண்டும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். இதற்கு நடுவில் ஒரு கதை எழுதிவிட வேண்டும், புதுப் புள்ளிக்கணக்கில் ஒரு கோலம் போட்டுப் பார்க்க வேண்டும், மனசில் ஓடும் மெட்டுக்கு நாலு வரி கட்ட வேண்டும் என்று தவிக்கிறவர்கள் மும்பைத் தமிழர்களில் நிறையப் பேர். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: நேரமே இல்லை.

அது உண்மை. அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் அந்த வார்த்தைக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கின்றன. வந்த யோசனையைப் பிடிப்பது ஒன்று. அதற்கு இருபது விநாடி போதும். அதை விரிப்பது இன்னொன்று. இருபது நிமிடம் வேண்டும். முடிப்பது மூன்றாவது, நடுவில் யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் இல்லாமல் அது நடக்காது. மூன்றையும் ஒரே உட்காரலில் செய்ய நினைப்பதால்தான் அந்த நேரம் கிடைப்பதே இல்லை. பிரித்துப் போட்டால் முதல் இரண்டும் இப்போது இருக்கும் நாளுக்குள்ளேயே அடங்கிவிடும். மூன்றாவதற்கு மட்டும் வாரத்தில் ஒரு தடவை வீட்டில் பேசி இடம் வாங்கினால் போதும்.

பிரெஞ்சுக் கணித மேதை ஹென்றி புவான்கரேக்கு நடந்தது இதற்குப் பொருத்தமானது. நாள்கணக்கில் அவரை அலைக்கழித்த கணக்கு ஒன்றின் திறவுகோல், வெளியூர்ப் பயணத்தில் பஸ் படியில் கால் வைத்த நொடியில் கிடைத்தது. அவர் உடனே பென்சிலைத் தேடவில்லை. உட்கார்ந்து, ஏற்கெனவே ஆரம்பித்த பேச்சைத் தொடர்ந்தார். ஊர் திரும்பிய பிறகு சாவகாசமாகச் சரிபார்த்தார். பிடித்தது பஸ் படியில், முடித்தது வீட்டில். 1926ல் கிரஹாம் வாலஸ் என்பவர் படைப்புச் சிந்தனையை நான்கு கட்டங்களாகப் பிரித்தபோது இரண்டாவது கட்டத்தை, மனசு அந்த விஷயத்தை நேரடியாகத் தொடாமல் விட்டிருக்கும் வேளை என்றார். நம் சமையலறைச் சொல்லில் அது ஊறல். அரிசி ஊறும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஊறப் போட்டிருக்க வேண்டும். முந்தின ராத்திரி கதையில் எங்கே சிக்கியது என்று தெரிந்து படுத்தவருக்குத்தான் மறுநாள் காட்கோபர் வருவதற்குள் வழி தெரியும். ஒன்றையும் ஊறப்போடாமல் ஜன்னலை வேடிக்கை பார்த்தால் ஜன்னல்தான் தெரியும்.

பிடிப்பதற்கு ஒரு ஏ4 தாள் போதும். சாதாரண ஜெராக்ஸ் தாள், 75 ஜிஎஸ்எம். அதற்கு மேல் கனமானது மடிப்பில் விறைத்துக்கொள்ளும். தாளைப் படுக்கைவாட்டில் வைத்து மேல் விளிம்பைக் கீழ் விளிம்போடு சேர்த்து நீளமாக மடியுங்கள். பிறகு இடமிருந்து வலமாகப் பாதி, மறுபடியும் பாதி. விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். மேலே நாலு, கீழே நாலு. இப்போது இடது விளிம்பும் வலது விளிம்பும் சேர ஒரே ஒரு தடவை மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேலேயே அடுத்த மடிப்புக்கோடு வரைக்கும் வெட்டுங்கள். சுமார் ஏழரை சென்டிமீட்டர். அந்தக் கோட்டைத் தாண்டி வெட்டினால் இரண்டு பக்கங்கள் தனியாகத் தொங்கும். குறைவாக வெட்டினால் புத்தகம் படியாமல் திமிறும். கத்தரி இல்லையென்றால் அந்த மடிப்பை இரண்டு பக்கமும் நாலைந்து தடவை நகத்தால் அழுத்தி மடித்துவிட்டு, ஸ்கேல் வைத்துக் கிழிக்கலாம். பிறகு தாளை விரித்து, நீளமாக மடித்து, இரண்டு ஓரத்தையும் பிடித்து உள்பக்கமாகத் தள்ளினால் நடுவில் இருக்கும் வெட்டு வாய் திறக்கும். தள்ளிக்கொண்டே போய்ச் சுற்றி மடித்தால் உள்ளங்கையளவு புத்தகம்.

எட்டுப் பக்கத்தில் முன்னட்டையும் பின்னட்டையும் போக உள்ளே ஆறு பக்கம். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒன்று. முன்னட்டையில் தேதியும், இந்த வாரம் ஊறப்போட்ட விஷயமும் ஒரே வரியில். பின்னட்டையில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: பழைய மீட்டர் வட்டிக்காரர்கள் எப்படிக் கணக்கு எழுதுவார்கள், ஆயா காலத்தில் நெல்லையிலிருந்து பம்பாய் வர எத்தனை நாள் ஆனது, இந்த மாதிரி. ஒரு பக்கத்தில் நாற்பது ஐம்பது சொல்தான் கொள்ளும். அதுதான் நல்லது. இருநூறு பக்க நோட்டுப் புத்தகம் வாங்கினால் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு அழகாக ஆரம்பிப்போம், பத்தாம் பக்கத்தில் பால் கணக்கு வந்துவிடும்.

இந்த மடிப்பின் உண்மையான லாபம் ஞாயிற்றுக்கிழமை தெரியும். எழுதியதெல்லாம் தாளின் ஒரே பக்கத்தில் இருக்கும். பிரித்து விரித்தால் ஆறு நாளும் ஒரே பார்வையில் கிடைக்கும். நாலு கட்டம் தலைகீழாக இருக்கும். தாளைச் சுழற்றிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். திருப்பினால் மறுபக்கம் முழுக்க வெள்ளை. அங்கேதான் வரைவு எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் திருப்பிப் பார்க்கலாம், வேறு எங்கும் தேட வேண்டாம்.

எதை எழுதுவது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. "மழை, குடை, பாட்டி" என்று எழுதி வைப்பார்கள். எழுதும்போது மொத்தக் கதையும் கண் முன்னால் நிற்கும், அதனால் மூன்று சொல் போதும் என்று தோன்றும். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் மழையும் குடையும் பாட்டியும் இருக்கும், கதை இருக்காது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "தாதர் பாலத்தடியில் குடை ரிப்பேர். கம்பி ஒடிந்த குடையைப் பாட்டி பேரம் பேசாமல் நீட்டினாள். பக்கத்திலேயே புதுக் குடை விற்கிறது, திரும்பியும் பார்க்கவில்லை. யாருடைய குடை? கதையின் முதல் காட்சி." இருபதுக்குக் கொஞ்சம் மேலான சொற்கள்தான். கண்ணால் பார்த்த ஒரு துல்லியம், அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வி, இது எங்கே போய்ச் சேரும் என்ற முகவரி. மூன்றில் கேள்விதான் முக்கியம். கேள்வி இல்லாத குறிப்பு படம் மாதிரி. பார்க்கலாம், உள்ளே போக முடியாது.

கோலம் போடுகிறவர்கள் புள்ளிக்கணக்கையும் (நேர்ப்புள்ளியா, இடைப்புள்ளியா என்பதையும் சேர்த்து) சிக்கின இடத்தையும் மட்டும் வரைந்தால் போதும். முழுக் கோலத்தையும் அந்தச் சின்னப் பக்கத்தில் அடைக்கப் போனால் கோடு ஒன்றோடொன்று ஒட்டி எதுவும் தெரியாது. மெட்டு என்றால் தாளுக்கு வேலையில்லை, ஃபோனில் பாடிப் பதிந்துகொள்ளுங்கள்.

பதிவு செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. லோக்கலில் ஓடும் வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வண்டி ஸ்டேஷனில் நிற்கும் இருபது முப்பது விநாடிதான் வாய்ப்பு. ஃபோனின் கீழ் விளிம்பில் இருக்கும் மைக்கை வாய்க்கு இரண்டு மூன்று அங்குலத்தில் வைத்து, கையைக் குவித்து மறைத்துக்கொண்டு பேசுங்கள். யாரோ பார்க்கிறார்களே என்று கூச்சமாக இருந்தால் காதில் வைத்துப் பேசுகிற பாவனையில் பேசலாம். மும்பையில் ஃபோன் பேசுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலில் இது எதற்கான குறிப்பு என்று சொல்லிவிட்டு விஷயத்துக்குப் போங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பதினேழு பதிவுகளையும் முழுக்கக் கேட்டால்தான் எது எது என்று தெரியும், அதற்குள் அந்த ஒரு மணி நேரம் தீர்ந்துவிடும். இன்னொன்று: வாசலில் நின்றுகொண்டு ஃபோனைக் கையில் பிடிக்கவே கூடாது. தண்டவாள ஓரத்தில் நின்று கையில் அடித்து ஃபோனைப் பறிக்கும் 'ஃபட்கா' கும்பலால் கீழே விழுந்தவர்கள் உண்டு. எந்த யோசனையும் அந்த விலைக்குத் தகாது.

வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே செய்தி அனுப்பிக்கொள்வது பலருக்கும் பழக்கம். எழுதுவதற்கு வசதிதான். ஆனால் அதைத் திறக்கும்போதே குடும்பக் குழுவும் ஆபீஸ் குழுவும் எதிரே வந்து நிற்கும். முப்பது செய்தியைப் பார்த்து முடித்தபின் எதற்குத் திறந்தோம் என்பதே மறந்திருக்கும். ஃபோனில்தான் எழுதுவேன் என்பவர்கள் முகப்புத் திரையிலேயே குறிப்புச் செயலியை வைத்துக்கொண்டு, எழுதும் இருபது நிமிடமும் ஃபோனை ஃபிளைட் மோடில் போடுவது நல்லது. தமிழில் நிறைய எழுதுகிறவர்கள் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டால் கட்டாயம் பலன் உண்டு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நாலு தட்டு. புள்ளி தானாக விழும். ஒலிபெயர்ப்பு முறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வரும் பரிந்துரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆடுகிற வண்டியில் கண் வலிக்கும். பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

விரிப்பதற்கு ரயில்தான் இடம், ஆனால் எல்லா ரயிலும் அல்ல. டோம்பிவிலியிலிருந்தே கிளம்பும் லோக்கலில் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். கல்யாண், கர்ஜத்திலிருந்து நிரம்பி வருவதில் நிற்கத்தான் முடியும். பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டு, கிளம்பும் வண்டியைப் பிடித்தால் முழுப் பயணமும் எழுத்து மேசையாகிவிடும். இது வீட்டில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுவதைவிடச் சுலபம். மூன்று பேர் பெஞ்சில் நாலாவதாக ஒட்டி உட்கார்ந்தவருக்கு முழங்கையை மடக்க இடமிருக்காது. அங்கே எழுதப் போராட வேண்டாம், நேற்று எழுதியதைப் படித்து, வேண்டாத சொல்லை அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிற்கிறவர்களுக்கு வேறு வழி. குறள் வெண்பாவுக்கு ஏழு சீர். அந்த அளவை மனசில் வைத்து, கதையின் அடுத்த வாக்கியத்தை ஏழு சொல்லில் கட்டுங்கள். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டு, கணுவுக்கு ஒரு சொல்லாக எண்ணுங்கள். ஒரு விரலுக்கு மூன்று கணு, இரண்டு விரல் முடிந்து மூன்றாவதின் முதல் கணுவில் வாக்கியம் முடியும். எட்டாவது சொல் வந்தால் எதை எடுக்கலாம் என்று பாருங்கள். தானேயில் ஆரம்பித்து தாதர் வருவதற்குள் இரண்டு வாக்கியம் கட்டிவிடலாம், அது போதும். இறங்கியதும் கூட்டத்தோடு பாலம் ஏறாதீர்கள். பிளாட்பாரத்தில் தூண் ஓரமாக அரை நிமிடம் நின்று தாளில் எழுதிவிட்டுப் போங்கள். பாலம் ஏறி இறங்கினால் அந்த வாக்கியம் போயே போச்சு. இடிபடும்போது மனசு உடம்பைக் காப்பாற்றப் போய்விடும்.

ஹார்பர் லைன்காரர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. மான்குர்துக்கும் வாஷிக்கும் நடுவில் வண்டி 'தானே கிரீக்' என்ற கடல்கழியின் மேல் போகும். அந்தச் சில நிமிடம் எழுதாமல் தலை நிமிர்ந்து தண்ணீரைப் பாருங்கள். குளிர்காலமென்றால் அந்தக் கழிக்குப் பூநாரைகள் வந்திருக்கும்.

வீட்டிலேயே இருந்து வேலை பார்க்கும் பெண்களுக்கு ரயில் கிடையாது, ஆனால் காத்திருக்கும் வேலைகள் உண்டு. தண்ணீர் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வரும் வீடுகளில், நிமிடத்துக்கு எட்டு லிட்டர் விழும் குழாயடியில் 200 லிட்டர் டிரம் நிறைய 25 நிமிடம் ஆகும். பக்கத்தை விட்டு நகரவும் முடியாது, வேறு வேலையும் இல்லை. அது விரிக்கும் நேரம். மாவாட்டும் நேரமும் நல்லதுதான், ஆனால் வேறு விதத்தில். வெட் கிரைண்டரில் உளுந்து அரைய இருபத்தைந்து முப்பது நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட வேண்டும். ஐந்து நிமிடத் துண்டுகளில் புதிதாக யோசிக்க முடியாது. யோசிக்க உட்கார்ந்தால் உளுந்து இறுகிக் கல் சூடேறி மாவு பொங்காமல் போகும், அப்புறம் எழுத்தின் மேல்தான் கோபம் வரும். ஏற்கெனவே எழுதியதைப் பிரதி எடுக்க, எழுத்துப்பிழை பார்க்க அந்த நேரம் பொருந்தும்.

அடுப்படியில் கை ஈரம், தாள் தங்காது. அங்கே தினசரி காலண்டர் உதவும். மாட்டுங்காவில் தமிழ்க் காலண்டர் வாங்கும்போது பின்பக்கம் வெறுமையாக இருக்கும் தாளா என்று பார்த்து வாங்குங்கள். ஆணியில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கிழித்த நேற்றையத் தாளின் பின்னால் எழுதி அதே ஆணியில் குத்திவிட்டால் எங்கும் போகாது. பேனா வேண்டாம், சுவரோடு நிமிர்த்திப் பிடித்து எழுதினால் பால்பாயிண்ட் இரண்டு வரியில் மை இறங்காமல் நின்றுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளியிலும் பென்சில்தான் பாதுகாப்பு. ஜெல் பேனா எழுத்து ஒரு சாரலில் கரைந்து நீலத் திட்டாகிவிடும். தாளைக் கழுவிக் காயவைத்த பால் கவருக்குள் வைத்து வாயை மடித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஒரு மணி நேரம். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து மணிக்கு எழுந்தவரின் தூக்கத்தை வெட்டி எழுதியதை மறுநாள் பாதி அடிக்க வேண்டியிருக்கும், பகலில் யோசனையும் வராது. ஞாயிற்றுக்கிழமைதான் சரி. மத்திய ரயில்வேயில் பராமரிப்புக்காக வண்டிகளைக் குறைக்கும் 'மெகா பிளாக்' அன்றைக்குத்தான், பெரும்பாலும் பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை. அன்றைக்குச் சொந்தக்காரர்கள் வருவதும் குறைவு, வெளியே போகும் திட்டமும் இருக்காது.

வீட்டில் கேட்கும் விதத்தில்தான் அது கிடைப்பதும் கிடைக்காததும். "கொஞ்ச நேரம் எழுதணும், தொந்தரவு பண்ணாதீங்க" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கொஞ்ச நேரம் என்பது எவ்வளவு, தொந்தரவு என்பது எது? "அத்தை, ஞாயித்துக்கிழமை மூணுலேர்ந்து நாலு வரைக்கும் நான் எழுதுவேன். நாலே காலுக்கு நானே டீ போடறேன். நடுவுல பாப்பாவை அவர் பாத்துப்பார்" என்றால் அதில் மணியும் இருக்கிறது, டீயும் இருக்கிறது, குழந்தைக்கு ஆளும் இருக்கிறது. அந்த 'அவர்' அதை முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். நம் வீடுகளில் ஆண் எழுத உட்கார்ந்தால் வீடு தானாக ஒதுங்கும், பெண் உட்கார்ந்தால் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அது நியாயமில்லை. எழுதுகிற பெண் இருக்கும் வீட்டில் அந்த ஒரு மணி நேரத்தைக் கணவர்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கும் சால் வீட்டில் வேறு வழியில்லை, வெளியே போக வேண்டும். மாட்டுங்கா பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் மரத்தடி பெஞ்ச் இருக்கிறது.

உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடம் தாளை விரித்து ஆறு கட்டத்தையும் படியுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் இன்னொரு வரி சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிடத்தில் வரவில்லையென்றால் கோடு போட்டு அடித்துவிடுங்கள். மனசு கேட்காது, எல்லாவற்றையும் சேர்த்து வைக்கத் தோன்றும். சேர்த்து வைத்த இருநூறு குறிப்பு எழுதவிடாது. எதை எடுப்பது என்பதிலேயே அந்த நாள் போய்விடும். வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு மிச்சமானால் போதும். நல்ல குறிப்பு அடிபட்டுப் போனாலும் திரும்ப வரும், கொஞ்சம் வேறு உருவத்தில். பாக்கி ஐம்பது நிமிடம் தாளைத் திருப்பிப் போட்டு எழுதுங்கள். இந்தக் கட்டத்துக்கு முன்னால் முழுக் கதையையும் நண்பருக்கு ஃபோனில் சொல்லிவிடாதீர்கள். சொல்லி முடித்த திருப்தி வந்துவிட்டால் கை எழுத மறுக்கும்.

நாலு மணி அடிக்கும்போது வாக்கியம் பாதியில் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று இழுத்தால் அடுத்த ஞாயிறு அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்கத் தயக்கமாகிவிடும். அந்தாதியில் ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதல் சொல்லாக வரும். அதே மாதிரி, நின்ற இடத்துச் சொல்லைப் புதுத் தாளின் முன்னட்டையில் எழுதிவிட்டு, தாளைப் பால் கவரில் போட்டு, திங்கட்கிழமைக் கைப்பையின் வெளி ஜிப்பில் வைத்துவிட்டு டீ போடப் போங்கள்.